ஏரியைச் சுற்றி ஒரு ‘தோ’

நடக்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பதுதான் என் தொழில். இதில் கால் வலிப்பது குறைவு, வாய் வலிப்பதுதான் அதிகம்.

நெய்வேலி நகரியத்தின் ஓரத்தில் ஒரு ஏரி. சுரங்கத்திலிருந்து இறைத்துவிட்ட தண்ணீர் நின்று நின்று ஏரியானது. சுற்றிலும் மரம் நட்டு, பாதை போட்டு, பூங்காவாக்கி, வாசலில் ‘எளிய நடைபாதை’ என்று பச்சை போர்டு வைத்திருக்கிறார்கள். படகுத்துறை வரைக்கும் போய்த் திரும்பினால் சின்ன நடை. ஏரியை முழுசாகச் சுற்றி வந்தால் பெரிய சுற்று. கரையைப் பிடித்துக்கொண்டே போனால் மாடுகூடத் தானாக வந்து சேருகிற பாதை. அதற்கு வழி காட்டத்தான் கழுத்தில் ஒரு விசில், தோளில் முதலுதவிப் பை, நெஞ்சில் ‘வழிகாட்டி – ஸ்டெல்லா’ என்று ஒரு அட்டை மாட்டி என்னை வைத்திருக்கிறார்கள்.

நடக்க மறுக்கிற பிள்ளையை இழுத்துக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போனவர்கள், பஸ்ஸை விட்டுவிட்டு மாமியாரோடு நடந்தவர்கள், ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்ற கேள்விக்குப் பதில் தேடி விழித்தவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்.

மூன்று தோ

எனக்கு ஊர் நெல்லிக்குப்பம் பக்கம், கரும்புக் காட்டுக்கு நடுவில். பள்ளிக்கூடத்தில் கிலோமீட்டர் சொல்லிக் கொடுத்தார்கள்தான். ஆனால் கணக்குப் புத்தகத்தில் ரயில்தான் கிலோமீட்டரில் போகும். நாங்கள் நடந்து போனது எல்லாம் ‘தோ’வில்தான். ஊர் பேர் தெரியாதவர் வந்து வழி கேட்டால், பக்கத்தில் என்றால் “தோ.” கரும்புக் கொல்லை தாண்டி என்றால் “தோஓ.” மோவாயைத் தூக்கிக்கொண்டு “தோஓஓ” என்றால், கையில் சோறு கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். எழுத்து ஒன்றுதான். இழுப்பில் இருக்கிறது தூரம். எங்கள் ஊரில் இதில் ஏமாந்தவர் யாரும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய சுற்றுக்கு ஒரு ரிட்டையர்டு சார் வந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருப்பவர். சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, ஆபீசுக்குப் போகிற மாதிரி நடந்தார். திருப்பத்துக்குத் திருப்பம், இன்னும் எவ்வளவு என்று கேட்டார். நானும் திருப்பத்துக்குத் திருப்பம், ஊரில் சொல்கிற மாதிரியே, எங்கே எவ்வளவு இழுக்க வேண்டுமோ அவ்வளவு சரியாக இழுத்து, “தோ, வந்துட்டோம் சார்” என்றேன். மதுரைக்காரர் காதில் இழுப்பு விழவில்லை, ‘வந்துட்டோம்’ மட்டும்தான் விழுந்திருக்கிறது. திரும்பி வந்ததும் நேரே எங்கள் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று, நிதானமாகச் சொன்னார்:

“இந்தப் பொண்ணு பொய் சொல்லுதுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா அது வாயில வந்த எதுவும் நெசமும் இல்ல.”

எங்கே இருக்கிறது அந்த ஊர்

சூப்பர்வைசர் பால்ராஜ் சாருக்குத் திருநெல்வேலி. இத்தனை வருஷம் நகரியத்தில் இருந்தும் பேச்சை மட்டும் அங்கேயே வைத்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, இனிமேல் பூங்காவுக்குள் ‘தோ’ என்ற சொல்லே கேட்கக் கூடாது என்றார். பொங்கல் வரைக்கும்தான் எனக்குச் சோதனைக் காலம். அதற்குள் தூரத்தைப் பற்றி இன்னொரு புகார் வந்தால், வழிகாட்டி வேலை இல்லை. பூங்காவின் நாற்றுப் பண்ணையில் விடியற்கால ஷிப்டுக்குத் தண்ணீர் ஊற்றப் போக வேண்டும்.

தண்ணீர் ஊற்றுவது எனக்குக் கஷ்டமில்லை. விடியற்காலம்தான் கஷ்டம். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட்; ஷிப்டு மாறி மாறி வரும். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் ஜெனியை எழுப்பி, குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்தில் விட வீட்டில் வேறு ஆளே கிடையாது. இந்த ஜெனரல் ஷிப்டு வேலை பள்ளிக்கூட மணியோடு தொடங்கி, பள்ளிக்கூட மணியோடு முடிகிறது. அதை விட்டால் ஜெனிக்கு ஒன்று வாரின தலை இருக்கும், இல்லை என்றால் பள்ளிக்கூடம் இருக்கும், இரண்டும் சேர்ந்து இருக்காது. அழாத குறையாக, தோ என்பது கெட்ட வார்த்தை இல்லை சார் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சொன்னது:

“எங்கூர்ல அந்தான்னா ஒரு எடம், இந்தான்னா ஒரு எடம். ஒந் தோ எங்கே கெடக்குன்னு இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியல பிள்ள.”

ஐந்நூறு மீட்டர்

சரி, படித்தவர்கள் மாதிரி மீட்டரில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு சிக்கல்: எனக்கு மீட்டர் என்றால் ஜாக்கெட் துணிதான். துணிக்கடையில் கை நீட்டி அளப்பார்களே, அதற்கு மேல் எனக்கு மீட்டர் பழக்கமில்லை. அதனால் கௌரவமாகக் காதில் விழுகிற ஒரு அளவைப் பொறுக்கிக்கொண்டேன். யார் எங்கே கேட்டாலும், “ஐந்நூறு மீட்டர்தாங்க.” பெரியவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார்கள். மீட்டர் என்றால் மனிதர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த நம்பிக்கை ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வருகிற வரைக்கும் இருந்தது. இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தாள். நான் சொல்கிறதை எல்லாம் மனசில் வாங்கிக்கொண்டே வந்திருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைசித் திருப்பத்தில் டீச்சர் காதில் விழாத மாதிரி மெதுவாகக் கேட்டாள்:

“ஆன்ட்டி, மொதல்லயும் படகுத்துறை ஐந்நூறு மீட்டர்னீங்க, இப்பவும் ஐந்நூறு மீட்டர்னீங்க. நம்ம நடக்க நடக்க அதுவும் நடக்குதா?”

பிளாக் கணக்கு

வீட்டில் இதைச் சொன்னதும் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடியே யோசனை சொன்னார். நகரியத்து ஜனங்களுக்கு மீட்டரும் புரியாது, உன் தோவும் புரியாது. எந்த ஊரிலிருந்து வந்தவராக இருந்தாலும் இங்கே எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்தது குடியிருப்பைப் பிரித்திருக்கிற பிளாக்கும் பஜாரும்தான், அந்தக் கணக்கில் சொல் என்றார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் சொன்னதில் உருப்படியான யோசனை இதுதான் என்று, கூட ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

மறுநாளே ஒரு குவார்ட்டர்ஸ் அம்மா வந்தார். புதுச் செருப்பு, கையில் குடை. பாதி தூரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னும் எவ்வளவும்மா என்றார். நான் சந்தோஷமாக, “பஸ் ஸ்டாண்டுலேர்ந்து மெயின் பஜாருக்கு நடக்கற தூரந்தாங்க” என்றேன். அந்த அம்மா முகம் தெளிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நானும் குளிர்ந்துபோனேன். அவர் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, மரங்களுக்கு நடுவே அங்கும் இங்கும் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அப்ப ஷேர் ஆட்டோ எந்தப் பக்கம் நிக்கும்?”

வலமா இடமா

பெரிய சுற்று என்று பேர் வைத்தது யார் என்று தெரியவில்லை. வைத்தவர் மாட்டிக்கொள்ளவில்லை, நான் மாட்டிக்கொண்டேன். வடலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். ‘சுற்று’ என்று நான் சொன்ன வாய் மூடவில்லை, அத்தனை பேரும் செருப்பைக் கழற்றி வேனுக்குள் போட்டுவிட்டார்கள். கல்லு முள்ளு குத்தும், போட்டுக்கங்க என்று நான் கெஞ்ச, அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். போகட்டும் என்று பாதையைக் காட்டினால், யாரும் அசையவில்லை. எங்கள் பாதை ஏரியை இடது கைப்பக்கம் வைத்துப் போகும். இடமாகச் சுற்றினால் குடும்பத்துக்கு ஆகாதாம். வலமாகத்தான் வருவோம் என்றார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற பிள்ளை. எங்கள் கோவிலில் தேரோடு போனால்தான் சுற்று. இந்த வலம் இடம் எல்லாம் எனக்குப் புதுசு.

சரி, வலமாகவே போவோம் என்று கிளம்பினோம். வழியில் வைத்திருக்கிற போர்டு எல்லாம் தலைகீழாக வந்தது. ‘நன்றி, மீண்டும் வருக’ முதலில் வந்தது. ‘குப்பையைத் திருப்பி எடுத்துச் சென்றீர்களா?’ அடுத்தது. ‘இதோ, நடையைத் தொடங்குவோம்’ என்பது எல்லாம் முடிந்து மூச்சு வாங்கும்போது வந்தது. நானும் மனப்பாடம் செய்த பேச்சைப் பின்னாலிருந்து முன்னாலாகச் சொல்லப் பார்த்து, நடுவில் எங்கேயோ என்னையே தொலைத்துவிட்டேன். ஆனால் ஒன்று: அவ்வளவு தூரத்துக்கும் ஒருத்தர்கூட, இன்னும் எவ்வளவு என்று கேட்கவில்லை. சுற்று என்று காலை வைத்துவிட்டால் தூரம் கேட்கக் கூடாதாம். வேனில் ஏறும்போது அவர்களில் மூத்த அம்மா என் கன்னத்தைத் தட்டிச் சொன்னார்:

“எல்லா எடத்துலயும் உள்ள வாங்கன்னு கூப்புடுவாங்க. நன்றி, போய்ட்டு வாங்கன்னு சொல்லி உள்ள கூட்டிகினு போனது நீதாம்மா.”

பாதி வழி

வட்டமான ஏரியில் ஒரு விசேஷம் உண்டு. சரிபாதி தூரத்தில் நின்றால், முன்னே போனாலும் அதே தூரம், வந்த வழியே திரும்பினாலும் அதே தூரம். இது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அந்த இடத்தில், ஒரு முந்திரி மரத்தடியில், ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்கள். அவர் மைன்ஸில் பெர்மனென்ட். முன்னே போவதே கிட்டம் என்றார். அந்த அம்மா, வந்த வழிதான் கிட்டம், அது தெரிஞ்ச வழி என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று நான் நடுவில் புகுந்து சொன்னதும், அதுவரை இல்லாத ஒற்றுமையோடு இருவரும் என்னை முறைத்தார்கள். அப்புறம் அவர் அந்தப் பக்கம் நடந்துவிட்டார், அந்த அம்மா இந்தப் பக்கம்.

இருப்பது ஒரே வழிகாட்டி. யாருக்கு வழி காட்டுவது? தண்ணீர் பாட்டில் யார் கையில் இருக்கிறதோ அவர்களோடு போவது என்று முடிவெடுத்து அந்த அம்மா பின்னால் ஓடினேன். வழியெல்லாம் எனக்குப் புகார் பயம்தான்: ஜோடியாக அனுப்பிவிட்டால் ஒற்றையாகக் கூட்டி வருகிறாளே என்று பால்ராஜ் சார் கேட்டால்? வாசலுக்கு வந்தால், அவர் எங்களுக்கு முன்னமே வந்து, கையில் இரண்டு பொட்டலம் வேர்க்கடலையோடு பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தூரத்திலேயே அதைப் பார்த்துவிட்ட அந்த அம்மா, நடையைக் குறைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“கொஞ்சம் மெதுவா வா. அந்த மனுஷன் எனக்காவ நின்னு பாத்ததே இல்ல, இன்னும் செத்த நிக்கட்டும்.”

கொக்கு

சின்னதாக ஒன்று. பெரிய கேமராவோடு கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், நாணலுக்குள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பறவையில் வெள்ளை என்றால் கொக்கு, கறுப்பு என்றால் நீர்க்காக்கா, அவ்வளவுதான் படிப்பு. அன்றைக்குப் பார்த்து, வெள்ளையும் இல்லாத கறுப்பும் இல்லாத ஒன்று அவர் முதுகுக்குப் பின்னாலேயே வந்து உட்கார்ந்தது. இவ்வளவு தூரம் வந்தவர் பார்க்காமல் போகிறாரே என்ற ஆதங்கத்தில் தடை எல்லாம் மறந்து, “தோ! தோ சார்!” என்று கத்திவிட்டேன். இழுக்காத, சுத்தமான, கை நீட்டினால் தொடுகிற தோ. அவர் திரும்பினார். புகார் செய்யவில்லை, நல்ல பிள்ளை. கேமராவை மூடிக்கொண்டே சொன்னார்:

“நீங்க தோன்னு சொன்ன எடத்துல இப்பொ எதுவுமே இல்லீங்க அக்கா.”

ஜெனி சொன்ன கணக்கு

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், பூங்காவைப் பார்த்துக்கொள்கிற கான்ட்ராக்ட் கம்பெனியின் மேனேஜர் சென்னையிலிருந்து வந்தார், மனைவியோடு. என்னை வைப்பதா நாற்றுப் பண்ணைக்கு அனுப்புவதா என்பதை இந்த நடையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள் என்று பால்ராஜ் சார் முந்தின நாளே சொல்லியிருந்தார். அன்றைக்கென்று பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு. லீவு விட்டதைக் கேட்டதும் மழை நின்றுவிட்டது, ஜெனியை விட இடமில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். ‘எளிய நடைபாதை’ போர்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே அவள் தூக்கச் சொல்லிவிட்டாள். இடுப்பில் பிள்ளை, தோளில் பை, வாயில் சிரிப்பு: இது ரொம்ப எளிதான பாதைங்க மேடம் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மேனேஜர் போனில் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார். மேடத்துக்கு முழங்கால் வலி. அதே முந்திரி மரத்தடிக்கு வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் எவ்வளவு, உண்மையைச் சொல் என்றார். என் தொண்டை வரைக்கும் தோ வந்துவிட்டது. கூடவே நடந்து வந்த பால்ராஜ் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிக்கொண்டு, உள்ளதை உள்ளபடி சொன்னேன்: சரிபாதிதாங்க வந்திருக்கோம், முன்னால போனாலும் இதே தூரம், திரும்பினாலும் இதே தூரம். மேடம் என்னைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். அப்படியென்றால் இந்த மரத்தடியிலேயே தனக்கு ஒரு குவார்ட்டர்ஸ் ஒதுக்கிவிடச் சொன்னார்.

பால்ராஜ் சாருக்கு வேர்த்துவிட்டது. “அந்தா மேடம், வாசல் தெரியுது பாருங்க” என்றார். மேடம் பார்த்தார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பால்ராஜ் சார் கையைப் பிசைந்தார். பிறகு, திருநெல்வேலியை எல்லாம் ஒரு நிமிஷம் மறந்து, “தோ மேடம், தோ வந்துட்டோம்” என்றார்.

என் இடுப்பிலிருந்து சத்தம் வந்தது. “சார், தோ சொல்லக் கூடாது. சொன்னா அம்மாவ செடிக்குத் தண்ணி ஊத்த அனுப்பிடுவாங்க.”

எனக்கு ஏரியில் இறங்கிவிடலாமா என்று இருந்தது. மேடம் நிமிர்ந்து உட்கார்ந்து, அதென்ன தோ என்று ஜெனியைக் கேட்டார். ஜெனிக்கு, பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நான் நடத்திக் கூட்டிப் போகிற வழியில் வந்த ஞானம். விரல் விட்டுச் சொன்னாள்: “தோன்னா கிட்ட. தோஓன்னா அம்மா தூக்கிக்கணும். தோஓஓன்னா பிஸ்கட் குடுக்கணும்.”

சார் இப்போது சொன்னது எந்த தோ என்று மேடம் கேட்டார். “கிட்ட தோ. ஆனா அது கிட்ட இல்ல” என்றாள் ஜெனி. மேடம் சிரிக்க ஆரம்பித்தார். என் பக்கம் திரும்பி, சரியானதை நீ சொல் என்றார். நான் பால்ராஜ் சாரைப் பார்த்தேன். அவர் வேறு எங்கேயோ மரத்தைப் பார்த்தார். பார்க்காமல் இருப்பதும் ஒரு அனுமதிதானே. மோவாயைத் தூக்கி, எங்கள் ஊர் கரும்புக் காடு முழுக்கக் கேட்கிற மாதிரி இழுத்தேன்: “தோஓஓஓ.”

மேடம் கையை நீட்டினார். முதலுதவிப் பையில் ஜெனிக்கு வைத்திருந்த பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். தின்றார், தண்ணீர் குடித்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்புறம் திருப்பத்துக்குத் திருப்பம் அவர் கேட்டார், நானும் இருக்கிற தூரத்துக்குத் தக்கபடி இழுத்துச் சொன்னேன். இழுப்பு குறையக் குறைய அவர் நடை கூடிற்று. வாசலுக்கு வந்து, நான் “தோ” என்று வெட்டி நிறுத்தியபோது, அவரும் கூடவே சொன்னார்.

காரில் ஏறும்போது மேனேஜர், நடை எப்படி இருந்தது என்று மனைவியைக் கேட்டார். தூரம்தான், ஆனால் சொல்லிக் கூட்டி வந்தாள் என்றார் மேடம். கார் போன பிறகு பால்ராஜ் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“பொங்கல் கழிச்சும் நீயே வா பிள்ள. தோவும் சொல்லிக்கோ. நான் இன்னைக்கு இழுத்தது பத்தல.”

ஆக, நாள் முழுக்க நடந்து, கிளம்பின இடத்திலேயே வந்து நிற்பதற்குச் சம்பளம் தருகிற ஒரு வேலை எனக்கு நிலைத்துவிட்டது. இதில் முன்னேற்றம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் யாரும் என்னைக் கேட்காதீர்கள், தோஓஓஓ.